கிட்டாருக்குச் சுருதி சேர்க்கும்போது நேரும் தவறுகள்

தம்புராவின் நாதத்தில் காது பழகிய தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டார் கற்க வரும்போது, விரல் வலியைவிடச் சுருதி சேர்ப்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது வழக்கமான அமைப்பு. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணும் நம் கணக்கில் இவை முறையே 3, 6, 2, 5, 7, 3 கட்டை. ஆகவே வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால், டியூனர் (சுருதியைக் காட்டும் கருவி) சொல்வதைக் காதாலும் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

டியூனரில் தெரியும் எழுத்தை மட்டும் நம்புவதே பெரிய தவறு. தடித்த ஈ 82.4 ஹெர்ட்ஸிலும் மெல்லிய ஈ 329.6 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. இடையில் இரண்டு ஸ்தாயி வேறுபாடு இருந்தும், பல டியூனர்கள் இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் காட்டும். என்னிடம் கற்ற ஒரு மாணவி இரண்டாம் கம்பியை மீட்டிக்கொண்டே முதல் கம்பியின் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள். முள் அசையவில்லை என்பதால் இன்னும் திருகினாள்; கம்பி அறுந்து, புறங்கையில் சிவந்த கோடு விழுந்தது. குதிரையிலிருந்து (உடல் பகுதியில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) முறுக்காணி வரை கம்பியை விரலால் தடவிச் சென்று உறுதி செய்த பிறகே திருக வேண்டும். திருகும்போது ஒலி ஏறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒலி அளவுக்கு மீறி ஏறிவிட்டால், மெல்ல இறக்கிச் சரியான இடத்தில் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. முறுக்காணியின் பற்சக்கரத்தில் சிறிது தளர்வு உண்டு என்பதால், அப்படி நிறுத்திய கம்பி நாலு தடவை மீட்டியதும் இறங்கிவிடும். நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி மேலேற்றியே சேர்க்க வேண்டும். திருகும்போது "டிக்" என்று ஒலித்துச் சுருதி தாவினால், கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆறு கம்பிகளையும் ஒரு முறை சேர்த்ததும் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. ஒரு கம்பியின் இழுவிசை மாறினால் மற்றவையும் சற்று நகரும். புதுக் கம்பிகளோ சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். கைபேசிச் செயலியைப் பயன்படுத்தினால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏ சுரத்தின் அளவு 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்புவதால், முந்தின நாள் சேர்த்த சுருதி மறுநாள் காலையில் நிற்காது.

ஐந்தாம் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிப் பட்டை) அழுத்தி அடுத்த கம்பியோடு ஒப்பிடும் முறையில், ஜி கம்பிக்கு மட்டும் நான்காம் மெட்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரு ஒலிகளுக்கிடையே எழும் அலை மெதுவாகி அடங்கும்வரை திருக வேண்டும். தம்புரா சேர்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் அந்தப் பழக்கமே ஓரிடத்தில் வழிதவறச் செய்கிறது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் ஒரு வகை) தூய்மையானது. கிட்டாரின் மெட்டுகளோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரிப்பதால், அதன் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது ஒரு மெட்டு இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு, உயர்ந்தே ஒலிக்கும். பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான் என்பதால் அது காதை உறுத்துவதில்லை. கேள்வி ஞானம் உள்ள பிள்ளைகள் ஈ கார்டை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டொலி) மீட்டி, அதில் காந்தாரம் ஒலிக்கும் ஜி கம்பியை இனிமைக்காகச் சற்றே இறக்குகிறார்கள். ஈ கார்டு அழகாக ஒலிக்கிறது. உடனே சி கார்டைப் பிடித்தால், அதே கம்பி அங்கே பஞ்சமமாக நிற்பதால், குறைந்த சுருதி பளிச்சென்று தெரிகிறது. காது பிழை செய்யவில்லை. கருவியின் கணக்குதான் வேறு. கம்பிகளைத் தனித்தனியாகச் சேர்த்து முடித்த பிறகும் ஈ கார்டில் சற்றுக் கரகரப்புக் கேட்டால், ஜி கம்பியின் முறுக்காணியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.