வயர்கார்டு டனல்: இரண்டு ரவுட்டர்களைக் கட்டளை வரியில் இணைத்தல்

2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப்பகுதியிலேயே) இடம்பெற்றிருப்பதால், லினக்ஸில் இயங்கும் ரவுட்டர்களுக்கு இடையே விபிஎன் (இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட பாதை, அதாவது டனல்) அமைக்க நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

கட்டளைகளுக்கு முன் முகவரிகளைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரு இடங்களிலும் 192.168.1.0/24 என்ற ஒரே முகவரி வரம்பு இருந்தால் டனல் எழும்பினாலும் பயனில்லை. தலைமையகத்துக்கு 192.168.10.0/24, கிளைக்கு 192.168.20.0/24, டனலின் இரு முனைகளுக்கு 10.9.0.1, 10.9.0.2 என்று வைத்துக்கொள்வோம்.

இரு ரவுட்டர்களிலும் ரூட் பயனராக நுழைந்து, முதலில் 'யூமாஸ்க் 077' (உருவாகும் கோப்புகளை மற்ற பயனர்கள் படிக்க முடியாமல் செய்யும் கட்டளை) கொடுத்தபின் 'டபிள்யூஜி ஜென்கீ' கட்டளையால் தனிச்சாவியையும், அதை 'டபிள்யூஜி பப்கீ'க்குள் செலுத்திப் பொதுச்சாவியையும் உருவாக்குங்கள். பொதுச்சாவியை மட்டுமே மறுமுனைக்கு அனுப்ப வேண்டும். சாவி 44 எழுத்துகள் கொண்டது; கடைசியிலுள்ள '=' குறி நகலெடுக்கும்போது விடுபடுவது வழக்கம் என்பதால் எண்ணிப் பாருங்கள்.

அமைப்புக் கோப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியில் தனிச்சாவி, டனல் முகவரி, 51820 என்ற போர்ட் ஆகியவை இடம்பெறும். பியர் பகுதியில் மறுமுனையின் பொதுச்சாவி, இணைய முகவரி, 'அலவ்டு ஐபிஸ்' ஆகியவை வரும். பெரும்பாலான தவறுகள் இந்தக் கடைசி வரியில்தான் நேர்கின்றன. வெளியே போகும்போது எந்த முகவரிகளை இந்த டனலில் அனுப்புவது என்பதையும், உள்ளே வரும்போது எந்த முகவரியிலிருந்து வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) ஏற்பது என்பதையும் அதே வரி முடிவுசெய்கிறது. ஆகவே தலைமையகத்தில் 10.9.0.2/32, 192.168.20.0/24 என்றும், கிளையில் 10.9.0.1/32, 192.168.10.0/24 என்றும் எழுதுங்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே வேலை செய்யும்போது 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று எழுதிவிட்டால், பதில் பாக்கெட்டுகளும் டனலுக்குள் திரும்பி, உங்கள் இணைப்பே அறுந்துபோகும்.

பொது ஐபி இல்லாத முனையில் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' (இணைப்பு அறாமலிருக்க இடைவெளிவிட்டு அனுப்பும் சிறு பாக்கெட்) மதிப்பை 25 விநாடி என வையுங்கள். ஃபயர்வாலில் யூடிபி 51820-ஐத் திறந்து, கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு வலைப்பின்னலிலிருந்து வரும் பாக்கெட்டை மற்றொன்றுக்குக் கடத்துவதை) இயக்கி, 'டபிள்யூஜி-குவிக் அப்' கட்டளையைக் கொடுங்கள்.

பிறகு 'டபிள்யூஜி ஷோ' காட்டும் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (இரு முனைகளும் கடைசியாக ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட நேரம்) வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் சாவி, போர்ட், இணைய முகவரி ஆகியவற்றில்தான் பிழை. அடையாளம் தெரியாத பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே தராது என்பதால் பிழைச் செய்தியை எதிர்பார்க்க வேண்டாம். ஹேண்ட்ஷேக் நடந்தும் பிங் போகவில்லையெனில் ஃபார்வர்டிங்கையும் 'அலவ்டு ஐபிஸ்' வரியையும் சரிபாருங்கள். பிங் போகிறது, பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, பைட்டுகளில்) குறையுங்கள். வழக்கமான 1420-க்குப் பதிலாக, பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பில் 1412 பொருந்தும். எல்லாம் சரியானதும், ரவுட்டர் மறுபடி தொடங்கும்போது டனலும் தானாக எழும்படி 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கட்டளையால் அந்தச் சேவையைப் பதிவுசெய்துவிடுங்கள்.