40 மீட்டர் டைபோல்: எர்த் போடுவதும் சோதிப்பதும்

மொட்டை மாடியில் அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) இன்வெர்ட்டட் வீ, அதாவது நடுவில் உயர்ந்து இரண்டு கைகளும் சரிந்து இறங்கும் டைபோல் ஆன்டெனா கட்டியதும் பலர் செய்யும் முதல் காரியம், எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம், 1 தான் சிறந்தது) சரியில்லை என்று ரேடியோ செட்டின் பின்னால் ஓர் எர்த் வயரை மாட்டிப் பார்ப்பது. சில சமயம் மீட்டர் இறங்கவும் செய்யும். இறங்கினால் ஆன்டெனா சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிளின் ஷீல்டும் (வெளிப் பின்னல்) எர்த் வயரும் ஆன்டெனாவின் பாகமாகிவிட்டன என்று அர்த்தம். டைபோலின் இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுப்பதால் அது வேலை செய்ய எர்த்தே தேவையில்லை. மின்னலுக்கும், செட்டின் உடலில் ஷாக் அடிக்காமலிருக்கவும்தான் எர்த். ஒழுங்காகக் கட்டிய டைபோலில் எர்த்தை மாட்டினாலும் கழற்றினாலும் எஸ்டபிள்யூஆர் அசையக் கூடாது. கீழே வரும் சோதனைகளில் முக்கியமானது இதுதான்.

முதலில் எர்த். 17 மி.மீ. தடிமன், 3 மீட்டர் நீளத்தில் செம்பு பூசிய இரும்பு ராடு கடையில் கிடைக்கும். ஈரப்பதமுள்ள சாதாரண மண்ணில் (மண் எதிர்ப்பு 100 ஓம்-மீட்டர் என்று வைத்தால்) ஒரு ராடு தருவது சுமார் 33 ஓம். மின்னல் எர்த்துக்கு வழக்கமான இலக்கு 10 ஓமுக்குக் கீழ். எனவே ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று ராடுகளை 6 மீட்டர் இடைவெளியில் அடித்து, 25×3 மி.மீ. செம்புப் பட்டையால் இணையுங்கள். 12, 13 ஓமுக்கு வரும், மீதி அடுத்துச் சொல்லும் இணைப்பில் குறையும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பணம்தான் வீண், எல்லா ராடும் ஒரே மண்ணைத்தான் பயன்படுத்தும். உப்பும் கரியும் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. உப்பு மழையில் கரைந்து ஓடும், இருக்கும்வரை ராடை அரிக்கும். பென்டோனைட் களிமண் போடுவது மேல்.

இந்த எர்த்தை வீட்டின் கரண்ட் எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும், குறைந்தது 16 சதுர மி.மீ. செம்பு வயரால். தனியாக விட்டால், அருகில் இடி விழும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அது பாயும் வழி உங்கள் செட்டும் பவர் சப்ளையும்தான். இணைத்தால் மொத்த எதிர்ப்பும் குறையும். நியூட்ரலில் இணைக்காதீர்கள். கேஸ் பைப்பைத் தொடவே தொடாதீர்கள்.

எர்த்தை அளப்பதை இணைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மூன்று முனை எர்த் டெஸ்டரில் கரண்ட் முளையை ராடிலிருந்து 30 மீட்டரிலும், வோல்டேஜ் முளையை அதே நேர்கோட்டில் 18.5 மீட்டரிலும் அடித்து அளவு எடுக்க வேண்டும். வோல்டேஜ் முளையை 2 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினாலும் அளவு ஏறக்குறைய மாறாமல் நின்றால் நம்பலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பு போட்டுப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது, ஆர்சிசிபியை (கசிவு கரண்டைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டிவிடும், அதோடு பயனும் இல்லை. பல்பின் எதிர்ப்பு 529 ஓம். எர்த் 33 ஓமாக இருந்தாலும் பல்பில் 215 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 3 ஓமா 33 ஓமா என்பதை அது எப்படிக் காட்டும்?

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே, தரைமட்டத்தில், ஒரு செம்புத் தகட்டில் அரெஸ்டரை (மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) பொருத்தி, தகட்டிலிருந்து ராடுக்குப் பட்டையை நேராக இறக்குங்கள். செங்குத்தாக மடக்காமல் வளைத்து விடவும். செம்பும் ஜிஐயும் (துத்தநாகம் பூசிய இரும்பு) நேரடியாகத் தொட்டால் கடலோர ஊர்களில் சில மழைக்காலத்துக்குள் ஜிஐ அரித்துவிடும். நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் வையுங்கள். அரெஸ்டருக்குள் இருக்கும் கேஸ் ட்யூப் (வோல்டேஜ் மீறினால் தீப்பொறி விட்டுக் கடத்தும் வாயுக்குழாய்) 230 வோல்ட் வகையாக இருக்கட்டும். 100 வாட்டில் 50 ஓம் கேபிளின் உச்ச வோல்டேஜ் 100. எஸ்டபிள்யூஆர் 3 ஆனால் 173. 90 வோல்ட் ட்யூப் நீங்கள் பேசும்போதே தீப்பொறி விடும்.

மாடியில் செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 10.5 மீட்டர். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும் எர்த் வயர் கிட்டத்தட்ட அதே நீளம்தான். கரண்டுக்கு அது நல்ல எர்த், ஆனால் ஆர்எஃப்புக்கு (ரேடியோ அலைவரிசைக் கரண்ட்) மேல் முனையில் எதுவும் இணைக்காத மாதிரிதான். அங்கே மைக் உதட்டில் சுருக்கென்று சுடுவதற்குத் தீர்வு இன்னொரு எர்த் வயர் அல்ல, சோக், அதாவது ஷீல்டின் வெளிப்புறத்தில் ஓடும் ஆர்எஃப்பைத் தடுக்கும் சுருள். எஃப்டி240-31 என்ற ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 (மெல்லிய 50 ஓம்) கேபிளை 12 சுற்று சுற்றி, டைபோலின் நடுப்புள்ளியிலேயே வையுங்கள்.

வயர் அளவு: அரை அலை டைபோலின் மொத்த நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.14 மீட்டர், அதாவது கைக்கு 10.07. வெட்டும்போது 10.5 வெட்டுங்கள். உச்சிக் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமலும், நுனிகள் மாடித் தரையிலிருந்து 2.5 மீட்டருக்கு மேலும் இருக்கட்டும். நுனியில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், துணி காயப்போட வருபவர் கை படக் கூடாது. வயர் அறுந்து விழுந்தாலும் தெரு மின்கம்பிமேல் படாத இடமாகப் பாருங்கள்.

ஆன்டெனாவை மாட்டுமுன் கேபிளைத் தனியாகச் சோதியுங்கள். நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் மல்டிமீட்டர் ஓப்பன் காட்ட வேண்டும். மறுமுனையை ஷார்ட் செய்தால் 20 மீட்டர் ஆர்ஜி-58-இல் 1 ஓமுக்கு அருகில் வரும். 3 ஓம் வந்தால் பிஎல்-259-இன் (கேபிள் முனையின் பிளக்) சால்டரிங்கைப் பிரித்துப் பாருங்கள். அடுத்து நானோவிஎன்ஏ-வை (ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சிறு கருவி) 6.5 முதல் 7.6 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து ஓப்பன், ஷார்ட், லோடு மூன்றாலும் கேலிபிரேட் செய்து, கேபிளின் மறுமுனையைத் திறந்தே விட்டு ரிட்டர்ன் லாஸ் (போன சிக்னல் திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) பாருங்கள். அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. நல்ல கேபிளில் ரிட்டர்ன் லாஸ் 1.5 முதல் 2 டெசிபல். 6 வந்தால் கேபிள் மட்டுமே 3 டெசிபல் தின்கிறது. அப்படிப்பட்ட கேபிள் ஆன்டெனாவே இல்லாமலும் எஸ்டபிள்யூஆர் 3 என்றுதான் காட்டும். பழைய கேபிளில் எஸ்டபிள்யூஆர் அழகாக இருப்பதை நம்பாதீர்கள்.

இப்போது ஆன்டெனா. வறண்ட காற்றில் வயரில் ஸ்டேட்டிக் ஏறியிருக்கும். கேபிளின் நடுமுனையை ஷீல்டோடு ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டு நானோவிஎன்ஏ-வை மாட்டுங்கள், இல்லாவிட்டால் அதன் முன்பகுதி போய்விடும். எஸ்டபிள்யூஆர் எங்கே மிகக் குறைவு என்று பாருங்கள். 6.850-இல் என்றால், 10.5-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள்: 10.13. ஒவ்வொரு கையிலும் 37 செ.மீ. குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள், நுனியைப் பின்னால் மடித்து வயரோடு ஒட்டக் கட்டுங்கள். பாதி அளவு மடித்து, மறுபடி அளந்து, மீதியை மடிப்பது நல்லது.

பிறகு அந்த முக்கியச் சோதனை. வளைகோட்டைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கையால் பிடியுங்கள், நகர்த்துங்கள், ஷீல்டின் எர்த் இணைப்பைக் கழற்றி மாட்டுங்கள். கோடு நகர்ந்தால் சோக் போதவில்லை, அல்லது ஒரு கை சுவர், தண்ணீர் தொட்டி, இரும்புக் கூரை எதற்கோ அருகில் இருக்கிறது. கோடு நின்றால் 10 வாட்டில் பேசிப் பார்த்து 100-க்குப் போகலாம். முழு பவரில் ஒரு நிமிடத்துக்குள் எஸ்டபிள்யூஆர் மெல்ல ஏறினால் சோக் சூடாகிறது. தாறுமாறாகக் குதித்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கேபிளின் ரிட்டர்ன் லாஸ் அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மறுபடி ஓப்பன் முனையில் அளங்கள். 1.6 இருந்தது 4 ஆகியிருந்தால் ஷீல்டுப் பின்னலில் தண்ணீர் ஏறிவிட்டது. காயவைத்துப் பயனில்லை, கேபிளை மாற்றிவிட்டு, புதியதன் மேல் முனையை ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, கீழே ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள்.