ஊர்ச் சந்தியில் ஒரு துலா: ஊரார் கூடிச் சிற்பம் அமைக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்று தன் பழைய வாழ்வைச் சந்தியில் சிற்பமாக நிறுத்த விரும்பினால், பணம் சேர்ப்பதற்கும் சிற்பியைத் தேடுவதற்கும் முன்பாக, அந்த ஊரின் தொழிலைத் தம் கையாலும் காலாலும் செய்த முதியவர்கள் நான்கைந்து பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போது செய்தால்தான் சிற்பத்தில் பிழை குறையும்.

எதைச் செய்வது என்பதை ஊரே தீர்மானிக்க வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை சென்றது. அத்தகைய ஊருக்குக் கப்பல் பொருந்தும். தோட்டக் கிராமத்துக்கு, நீர் இறைக்கும் ஏற்றமாகிய துலாவும் கிணறும், பழைய வண்டிப் பாதையில் உள்ள ஊருக்கு, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கியும் மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல்லும் பொருந்தும். ஒரு தொழிலைச் சிற்பமாக்குவதாயின், அந்தத் தொழிலைச் செய்த குடும்பங்களின் சம்மதத்தை முதலில் கேட்பது மிக அவசியம். நாம் பெருமையென்று எண்ணி நிறுத்தும் உருவம், அவர்களுக்குத் தம்மேல் ஒட்டப்பட்ட அடையாளமாகத் தோன்றலாம். இந்தப் பேச்சைச் சனசமூக நிலையக் கூட்டத்தில் வைக்காமல், வீட்டுத் திண்ணையில் இருந்து பேசுவதே நல்லது. பழைய கல்லையோ சுமைதாங்கியையோ இடம்பெயர்த்துச் சிற்பத்துடன் சேர்க்க நினைப்பவர்கள், தொல்லியல் திணைக்களத்தைக் கேளாமல் அதில் கைவைக்கக் கூடாது.

எங்கள் ஊரில், துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைக்கும் துலா மிதிப்பைத் தெரிவுசெய்தோம். முதலில் இரண்டடி உயரத்தில் களிமண் மாதிரி ஒன்றைச் செய்து வாசிகசாலை மேசையில் இரண்டு வாரம் வைத்தோம். நீர் அள்ளும் பனையோலைப் பட்டை நிறைந்து கிணற்றுக்கு மேலே நிற்க, மிதிப்பவர் துலாவின் கிணற்றுப் பக்க நுனியில் நிற்பதாக அதில் செய்திருந்தோம். எங்கள் கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது. பத்திரிகை பார்க்க வந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "பட்டை மேலை வரேக்கை ஆள் அடிப்பக்கமெல்லோ நிக்கோணும், தம்பி" என்றார். நுனியை நோக்கி நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், அடியை நோக்கி நடந்தால் அது மேலே வரும் என்பதை, அவர் மேசையின் மேல் ஓர் அடிமட்டத்தையும் அழிறப்பரையும் வைத்துக் காட்டினார். அந்த மாதிரி அப்படியே சீமெந்தாகியிருந்தால், இறைப்பு அறிந்த ஒவ்வொருவரும் சந்தியைக் கடக்கும்போது சிரித்திருப்பார். ஆகவே மாதிரியைப் பலர் கண்ணில் படும் இடத்தில் வைத்து, குறை சொல்வோர் அனைவரையும் சொல்லவிட வேண்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை, தனியார் வாய்ப்பேச்சில் தரும் காணியைத் தவிர்த்து, பிரதேச சபையின் பொறுப்பிலுள்ள இடத்தைத் தெரிவுசெய்து, எழுத்திலான அனுமதி பெறுவது பாதுகாப்பானது. பெருவீதி ஓரமாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் கேட்க வேண்டும். திரும்பும் வாகனங்களின் பார்வையைச் சிற்பம் மறைக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும் துலாவுக்கு மேலே மின்கம்பி செல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கட்டும் முறைகளில், இரும்புச் சட்டகத்தின் மேல் வலை சுற்றிச் சாந்து பூசும் முறையே ஊராருக்கு ஏற்றது. நல்ல மேசன் ஒருவரும் இரும்பு ஒட்டு வேலை தெரிந்த ஒருவரும் இருந்தால் மற்றவர்கள் கூட நின்று செய்யலாம். உருவத்தின் எலும்பாக 10 மில்லிமீற்றர் கம்பியையும், விலாவுக்கு 6 மில்லிமீற்றர் கம்பியையும் வளைத்து, அதன் மேல் நாகம் (துத்தநாகம்) பூசிய கோழிக்கூட்டு வலையை மூன்று நான்கு சுற்றாகப் போட்டு, கட்டுக்கம்பியால் தளர்வின்றி இறுக்க வேண்டும். துலா நீண்டு நிற்பதால் அதற்குள் நாகம் பூசிய தடித்த குழாயை வைத்து, துலாவைத் தாங்கும் ஆடுகாலோடு சேர்த்து ஒட்டி, ஆடுகாலின் இரும்பை அத்திவாரத்துக்குள் இறக்க வேண்டும். சிறுவர்கள் அதில் தொங்குவார்கள். தொங்க வேண்டாமென்று பலகை எழுதுவதைவிட, நாலு பேர் தொங்கினாலும் அசையாதபடி செய்வதே புத்தி.

எங்கள் மண்ணில் சிற்பத்துக்குப் பெரிய எதிரி உப்பு. அது காற்றிலும் இருக்கிறது, பல கிணறுகளிலும் இருக்கிறது. உப்பு சாந்துக்குள் சென்றால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பூச்சை வெடிக்கச் செய்துவிடும். எனவே கடற்கரை மணலையும் மணற்குன்று மணலையும் தவிர்த்து, அரித்த ஆற்று மணலையே பயன்படுத்த வேண்டும். குடிக்க முடியாத தண்ணீரில் சாந்து குழைக்கக் கூடாது. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் போதும். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 20 முதல் 22 லீற்றர் தண்ணீருக்கு மேல் போனால், பூசுவதற்கு இலகுவாக இருக்கும், ஆனால் காய்ந்தபின் நுண்துளைகள் மிகுந்து உப்பை உள்ளே விடும். சாந்தை ஒரு பக்கத்திலிருந்து அழுத்தி, வலையின் மறுபக்கத்தில் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். உள்ளே வெற்றிடம் விட்டுப் பூசிய இடத்தைத் தட்டினால் பொய்யான ஓசை கேட்கும். வலை எங்கும் வெளியே தெரியக் கூடாது.

பூச்சு முடிந்த மறுநாள் முதல் இரண்டு வாரத்துக்கு ஈரச் சாக்கால் மூடி, காலை, மதியம், மாலை என நீர் தெளிக்க வேண்டும். இதற்கு முறை வைத்து வீடுகளைப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. சாக்குக்கு நீர் ஊற்றிய பிள்ளை பிறகு அந்தச் சிற்பத்தில் பெயர் கிறுக்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே வேலை முடியும்படி மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. வெயிலில் சாந்து வெடிக்காதிருக்க மேலே கிடுகுப் பந்தல் போட வேண்டும்.

நுண்வேலைக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கட்புலக் கலை பயிலும் மாணவர்களை அழைக்கலாம். ஆயினும் பட்டையின் மேற்பரப்பைச் செதுக்க முயல வேண்டியதில்லை. மாதர் சங்கத்தில் ஓலை பின்னத் தெரிந்தவர்களிடம் பனையோலைப் பட்டை ஒன்றைக் கட்டுவித்து, ஈரச் சாந்தில் அழுத்தி எடுத்தால், ஓலையின் மடிப்பும் நரம்பும் அப்படியே பதிந்துவிடும். எங்கள் சிற்பத்தில் எல்லோரும் தொட்டுப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

பணம் வெளிநாட்டு உறவினரிடமிருந்தும் வரும். கூடவே பெயர்க்கல் பற்றிய வழக்கும் வரும். கொடையாளர் பெயர்கள் கல்லில் இடம்பெறுமா என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். நாங்கள் அதைப் பின்போட்டதால் திறப்பு விழா இரண்டு மாதம் தள்ளிப்போனது. இறுதியில் ஊரின் பெயரும் ஆண்டும் துலாவின் உறுப்புப் பெயர்களும் மட்டுமே பொறிக்கப்பட்டன: ஆடுகால், அச்சுலக்கை, துலாக்கொடி, பட்டை.

வர்ணம் பூசுவதாயின், பூச்சு முடிந்து ஒரு மாதம் உலரவிட்ட பின்பே பூச வேண்டும். சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென வங்கியில் ஒதுக்கி வைத்து, ஆண்டுதோறும் மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். செம்மஞ்சள் கறை தெரிந்த இடத்தைக் கொத்தித் திறந்து, துருவைத் தேய்த்து, புதுச் சாந்தால் அன்றே அடைத்துவிட வேண்டும்.