பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கிச் சுடுவது: .375 முதல் .458 வரை

ஆப்பிரிக்கக் காட்டெருமையான கேப் எருமையைச் சுட அங்கே பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் துளை அளவு .375 அங்குலம். லண்டன் துப்பாக்கி நிறுவனம் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்த .375 எச் அண்ட் எச் மேக்னம்தான் அந்த வரிசையில் பலர் முதலில் கையில் எடுக்கும் தோட்டா. ஒருமுறை சுட்டதும் தோள் வலிக்கும். அடுத்த முறை விசையை அழுத்தும்போதே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். குறி தப்புவது இதனால்தான். குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஏறக்குறைய 3 மி.மீ. மட்டுமே. உதையை விட, உதைக்கு முந்திக்கொள்ளும் மிரட்சிதான் கெடுதல் செய்கிறது. அந்த மிரட்சியோடு எருமையைச் சுடுபவர் அதைக் காயப்படுத்திப் புதருக்குள் அனுப்புகிறார். பின்னால் போய்த் தேட வேண்டியவர் தடம் பார்ப்பவர்.

முதலில் கணக்கு. 300 கிரெயின், அதாவது 19.4 கிராம் குண்டு நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகிறது. கூடவே 5 கிராம் அளவு வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாகப் பாய்கிறது. துப்பாக்கி 4.1 கிலோ என்றால் அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும். உதையின் ஆற்றல் 53 ஜூல் அளவில் நிற்கும். 3.6 கிலோ எடையுள்ள, அதைவிடச் சிறிய .30-06 வேட்டை ரைஃபிளில் இது 27 ஜூல்தான். 500 கிரெயின் குண்டு போடும் .458 வின்செஸ்டர் மேக்னம் 85 ஜூல் வரை போகும். எடை கூட்டினால் உதை குறையும்: .375-இல் அரை கிலோ சேர்த்தால் 53 ஜூல் 47 ஆகிறது. காட்டில் நாள் முழுக்கச் சுமக்க வேண்டியதையும் யோசித்துக்கொள்ளுங்கள், 4.3 கிலோவுக்கு மேல் போவது பலருக்குச் சுமைதான்.

எடையை விட முக்கியம் கட்டையின், அதாவது தோளில் பதியும் பின்பகுதியின், அளவு. இதில் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். வேட்டைக்குப் போடும் உடுப்போடு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பாருங்கள்: விசைக் கை கட்டைவிரலின் கணுவுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும். கட்டை குட்டையானால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நீளமானால் அடிக்கட்டை தோள்குழியில் உட்காராமல் கைத்தசைக்கு நழுவி, அங்கே கன்றிப்போகும். கன்னம் படும் மேல்விளிம்பு நேராக இருந்தால் உதை நேராகப் பின்னால் போகும். அடிப்பக்கம் வெகுவாகச் சரிந்த கட்டையில் குழல் மேலே எகிறி, கட்டை கன்ன எலும்பில் அறையும். கட்டையின் முனையில் ஓர் அங்குலத் தடிப்புள்ள நல்ல ரப்பர் பேட் வேண்டும். பழைய துப்பாக்கிகளில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பதியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, கண்ணிலிருந்து 9 முதல் 10 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். புருவத்தில் பிறை வடிவில் வெட்டுப்பட்டவர்கள் பெரும்பாலும் மேட்டை நோக்கிச் சுட்டவர்கள், அல்லது படுத்துச் சுட்டவர்கள். இரண்டு நிலையிலும் தலை முன்னால் நகர்ந்து கண் ஸ்கோப்பை நெருங்கிவிடும். பெரிய தோட்டாவைப் படுத்துச் சுடவே வேண்டாம். உடம்பு பின்னால் போக வழியில்லாமல் முழு உதையும் கழுத்தெலும்பில் இறங்கும்.

நிற்கும் முறை இதுதான். கால்கள் தோளகலத்தில், இடது கால் அரை அடி முன்னால் (வலக்கைக்காரருக்கு). எடையில் பாதிக்கு மேல் முன்காலில், முழங்கால் லேசாகத் தளர்ந்து, இடுப்புக்கு மேல் உடம்பு முன்னால் சாய்ந்து. முன்கட்டையைப் பிடித்த கையால் துப்பாக்கியைத் தோளுக்குள் இழுங்கள். இழுக்கும் வேலையில் பெரும்பங்கு இந்தக் கையுடையது. கன்னத்தைக் கட்டையில் அழுத்தி ஒட்டுங்கள். இடைவெளி விட்டால் தள்ளாக இருந்தது அடியாகிவிடும். ஆனால் உடம்பை மரம்போல் விறைக்கக் கூடாது. துப்பாக்கியும் நீங்களும் சேர்ந்து பின்னால் ஆடி முன்னால் திரும்ப வேண்டும். நடுவிரல் விசை வளையத்தை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு சூட்டிலும் கணு அடிபடும். பிடியைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். பெரிய ரைஃபிள்களில் வாரை மாட்டும் வளையத்தைக் குழலிலேயே முன்தள்ளி வைப்பதும் இடக்கை கிழியாமல் இருக்கத்தான்.

மேசையில் உட்கார்ந்து சுடும்போதுதான் உதை மிகக் கடுமையாகத் தெரியும், குனிந்த முதுகு நகர முடியாததால். மணல் பைகளை உயர்த்தி அடுக்கி, நிமிர்ந்து உட்காருங்கள். தோளுக்கும் கட்டைக்கும் நடுவே சின்ன மணல் பை வையுங்கள். முன்கட்டையைக் கையால் பிடித்தே சுடுங்கள். ஈய மூட்டைகள் ஏற்றித் துப்பாக்கியை அசையாமல் பூட்டும் தாங்கிகளில் கவனம் தேவை. பின்னால் போக முடியாத உதையைக் கட்டை வாங்கிப் பிளந்துபோகலாம். ஸ்கோப்பைச் சரிசெய்ததும் மேசையை விட்டு எழுந்து, முக்காலிக் கம்பில் வைத்து நின்றே பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தோட்டா போதும். பத்தாவது தோட்டா கற்றுத் தருவது மிரட்சியை மட்டுமே.

மிரட்சியைக் கண்டுபிடிக்க, நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து உண்மைத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் கலந்து, உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். போலியில் குழல் துள்ளினால் விஷயம் வெளிப்பட்டுவிடும். அப்போதே பெரியதை ஓரம் வைத்துவிட்டு உதை தெரியாத சின்ன .22 ரைஃபிளுக்குப் போங்கள், அல்லது தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்த காலித் துப்பாக்கியில் விசையை மட்டும் அழுத்திப் பழகுங்கள். மிரட்சியில் சத்தத்துக்கும் பெரும்பங்கு உண்டு: காதுக்குள் நுரை அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். குழல் முனையில் மாட்டும், பக்கத் துளைகள் உள்ள மஸில் பிரேக் உதையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் வெடிச்சத்தத்தைப் பக்கவாட்டில் அடித்து, அருகில் நிற்பவரின் காதைக் கெடுக்கும். பழகும் மைதானத்தில் மாட்டலாம், வேட்டையில் கழற்றிவிடுவது நல்லது.

தோட்டாவை நீங்களே நிரப்புபவரானால், மருந்தைக் குறைத்து உதையைக் குறைக்கலாம். அச்சிட்ட அட்டவணையில் குறைந்த அளவுக்கென்று கொடுத்திருக்கும் மருந்தையே, அந்த அளவிலேயே போடுங்கள். மெல்ல எரியும் மருந்தைக் குறைந்தபட்சத்துக்குக் கீழே கொண்டுபோனால் அழுத்தம் கட்டுமீறி ஏறித் துப்பாக்கியே வெடிக்கக்கூடும்.

உதை துப்பாக்கியையும் தின்னும். ஸ்கோப் வளையத் திருகுகளையும் கட்டைத் திருகுகளையும் ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னும் பாருங்கள். உதையை வாங்கும் இரும்புக் காது கட்டையில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கைப்பிடிக் கழுத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும். மேகஸினில் காத்திருக்கும் தோட்டாக்களும் ஒவ்வொரு சூட்டிலும் முன்சுவரில் மோதுகின்றன. மென்முனைக் குண்டு தட்டையாகும், கழுத்தை இறுக்கி மடிக்காத .458 தோட்டாவில் குண்டு உறைக்குள் இறங்கிவிடும். சுட்டு முடித்ததும் மிச்சத் தோட்டாக்களை எடுத்துப் புதிய தோட்டாவின் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள்; குட்டையானது எதையும் மறுபடி போடாதீர்கள்.