பறவை இரைப்பையை ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

கோழிக்கறி சுத்தம் செய்து பழகியவர்களுக்குத் தெரியும்: ஈரலோடு சேர்ந்து கெட்டியாக ஒரு சதை உருண்டை வரும். கீறிப் பிரித்தால் உள்ளே அரைபட்ட தானியமும் பொடிக்கல்லும் இருக்கும். அதைக் கழுவிவிட்டு நகத்தால் நெம்பினால் மஞ்சள் தோல் ஒன்று உரிந்து வரும். இதுதான் அரைவைப்பை. ஆனால் பறவை இரைப்பையில் இது பின்பாதிதான். முன்பாதி, அமிலமும் நொதியும் சுரக்கும் ஒரு சின்னக் குழல். கறி வெட்டும்போது உணவுக்குழாயோடு சேர்ந்து அது குப்பைக்குப் போய்விடும். காட்டுப் பறவைகளை ஒப்பிடுகிறவர்களும் இப்படித்தான் அரைவைப்பையை மட்டும் அளந்துவிட்டு 'இரைப்பை' என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் கழுத்தடியில் புடைத்திருக்கும் தீனிப்பையையே இரைப்பை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் இரையைச் சேர்த்துவைக்கும் இடம், அவ்வளவுதான். ஆந்தைக்கு அதுவும் கிடையாது.

என்னைக் கேட்டால், பெரிய தவறு வேறு. ஊனுண்ணி, பழந்தின்னி, தானியந்தின்னி என்று மூன்று கட்டம் போட்டு, ஒரே கட்டத்தில் இருப்பவற்றுக்கு ஒரே மாதிரி இரைப்பை என்று முடிவுகட்டுவது.

புறாக்களையே எடுத்துக்கொள்வோம். ஆலமரம் பழுத்தால் பச்சைப்புறாக் கூட்டம் வந்து இறங்கும். பார்க்கிறவர் அதைப் பழந்தின்னி என்றுதான் குறிப்பார். ஆனால் அதன் அரைவைப்பை தடித்தது. பழத்துக்குள் இருக்கும் பொடி விதைகளைக்கூட நொறுக்கிவிடும். மரத்தின் நோக்கில் பார்த்தால் அது விதைதின்னி. மலைக்காடுகளில் வாழும் இம்பீரியல் புறாவும் பழம்தான் தின்கிறது. பெரிய கொட்டையுள்ள பழத்தை முழுசாக விழுங்கும். அதன் அரைவைப்பை சதைப்பற்றை மட்டும் கழற்றிக்கொண்டு கொட்டையைச் சேதமில்லாமல் அனுப்பிவிடும். இரண்டும் ஒரே குடும்பம், தின்பதும் பழம்தான், ஆனாலும் அரைவைப்பையின் வேலை நேர் எதிர். அதனால் 'என்ன தின்கிறது' என்று கேட்டதோடு நிற்காமல், 'விதையை என்ன செய்கிறது' என்றும் கேட்க வேண்டும்.

ஊனுண்ணிகளிலும் இதே கதை. ஆந்தை செரிக்காததை உருட்டிக் கக்கிப்போட்ட உருண்டையைப் பிரித்தால் எலியின் மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். பருந்தின் உருண்டையில் பெரும்பாலும் மயிரும் இறகும்தான். பருந்தினப் பறவைகளின் இரைப்பை அமிலம் ஆந்தையுடையதைவிடக் கடுமையானது, எலும்பைக் கரைத்துவிடும். உருண்டையில் எலும்பு இல்லை என்பதற்காகப் பருந்து எலும்பைத் தின்னவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம், இரைப்பையின் அளவை நிலையானது என்று நம்புவது. ரெட் நாட் என்று ஒரு கரையோரப் பறவை, நம் உள்ளான்களின் உறவு. சிப்பியை ஓட்டோடு விழுங்கி அரைவைப்பையிலேயே நொறுக்கும். நெதர்லாந்தில் கூண்டில் வைத்து மெத்தென்ற தீவனம் போட்டபோது அதன் அரைவைப்பை சுருங்கியது. மறுபடி சிப்பி கொடுத்ததும் ஓரிரு வாரங்களுக்குள் பெருத்தது. அறுக்கவெல்லாம் இல்லை, உயிரோடு வைத்தே அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். ஆக, மிருகக்காட்சிசாலையில் செத்த பறவையையும் காட்டில் செத்ததையும் ஒரே அட்டவணையில் போட்டால், இனத்தின் வேறுபாடு எது, தீவனத்தின் வேறுபாடு எது என்று பிரிக்க முடியாது. பருவத்துக்குப் பருவம் தீனி மாறும் என்பதால், எந்த மாதத்தில் கிடைத்தது என்பதையும் குறித்துவையுங்கள்.

எடை போடும்போது உள்ளிருக்கும் கல்லையும் தீனியையும் கொட்டிவிட்டுப் போட வேண்டும், உடல் எடையோடு விகிதமாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனாலும் விட்டுப்போகிறது. பறவை செத்து நேரமாகியிருந்தால் சொந்த அமிலமே இரைப்பைச் சுவரை இளக்கிவிடும். அந்தத் தொளதொளப்பைப் பார்த்து 'மெல்லிய சுவர்' என்று எழுதாதீர்கள்.

கடைசியாக, உள்ளே கிடந்ததை வைத்து உணவைக் கணிப்பது. வண்டின் ஓட்டுச்சிறகும் கடினமான விதையும் நெடுநேரம் தங்கும். மெல்லிய புழு சீக்கிரமே கரைந்துவிடும். நாலு ஓட்டுச்சிறகைப் பார்த்துவிட்டு 'வண்டுதின்னி' என்று எழுதினால், காலையில் அது தின்ற நாற்பது புழுவும் கணக்கில் வராது.