மலையில் மூன்று விசில் போதாது: அடுப்படியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்தில் மூன்று விசிலில் குழைந்துவிடும் பருப்பு, ஊட்டியில் அதே மூன்று விசிலுக்குப் பல்லில் நறுக்கென்று கடிபடும். பழைய சரக்கு என்று கடைக்காரர்மேல் பழி போவது வழக்கம். பெரும்பாலும் காரணம் நாம் இருக்கும் உயரம்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஏறத்தாழ 94. திறந்த பாத்திரத்தில் எவ்வளவுதான் தீயைக் கூட்டினாலும் அதற்குமேல் சூடு ஏறாது. ஆவி போகும், கேஸ் தீரும், அவ்வளவுதான். குக்கர் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். வெயிட் தூக்கும்போது உள்ளே சமவெளியில் 120 டிகிரி இருந்தால், ஊட்டியில் 116 டிகிரி இருக்கும். நாலு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. பருப்பும் பயறும் வேகக் கால் பங்குக்கு மேலேயே கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஆகவே விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் நாலு விசில் வரும், சிறிதாக இருந்தால் கால் மணி நேரத்துக்கு ஒன்றுகூட வராது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரம் ஊறிய ராஜ்மாவுக்குக் கீழே 15 நிமிடம் என்றால் மேலே 20 முதல் 25 நிமிடம். உப்பும் புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னால் போனால் பயறின் தோல் இறுகி, எவ்வளவு நேரம் வைத்தாலும் உள்ளே மசியாது.

ராஜ்மாவில் இது ருசியோடு நிற்கும் விஷயமில்லை. அந்தச் சிவப்புப் பயறில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது அழியும். 80 டிகிரி அளவில் அரைவேக்காடாக நின்றுவிட்டால் வேகவைக்காத ராஜ்மாவைவிட நச்சு கூடவும் வாய்ப்புண்டு. நாலைந்து பயறே போதும், சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரிலேயே வேகவையுங்கள். இறக்கியதும் பெரிய பயறாக ஒன்றை எடுத்து விரலிடுக்கில் அழுத்திப் பாருங்கள். வெண்ணெய்போல நசுங்கினால் சரி. நடுவில் சுண்ணாம்புத் துண்டுபோல வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் மூடி, இன்னும் பத்து நிமிடம் வையுங்கள்.

வேகவில்லையே என்று ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடும் பழக்கம் மலையில் பரவலாக உண்டு. பருப்பு சீக்கிரம் குழையும், உண்மைதான். ஆனால் பருப்பிலுள்ள வைட்டமின் பி1 சோடாவின் காரத்தன்மையில் சிதைந்துபோகும். தீட்டிய வெள்ளை அரிசியில் ஏற்கெனவே குறைந்துபோன சத்து அது. பருப்பிலிருந்தும் போய்விட்டால் அந்தத் தட்டில் அதற்கு வேறு வழியில்லை. சோடாவுக்குப் பதில் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். குளிரில் பயறு மெதுவாகத்தான் ஊறும், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் வேகம் பிடிக்கும்.

அடுத்தது டீ. இதைப் பற்றி மலையில் பேசுவது கொஞ்சம் சங்கடமான காரியம், தேயிலைதான் இங்கே பலருக்குச் சோறு. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, குடிக்கும் நேரத்தை மாற்றத்தான் சொல்கிறோம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரை, ராகி, பருப்பு போன்ற தாவர உணவின் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடித்தால் உடம்பில் சேரும் இரும்பு பாதிக்குமேல் குறையக்கூடும். பால் ஊற்றினாலும் இந்தப் பிடி பெரிதாகத் தளராது. கறி, மீனில் இருக்கும் இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. அதனால் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கையோடு கட்டன் டீ குடித்துக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்குத்தான் இழப்பு அதிகம். தேவையும் அவருக்குத்தான் அதிகம். நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால் பெண்ணுக்கு 29. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் அறிவுரை. சாப்பாட்டோடு அரை நெல்லிக்காய், ஒரு துண்டு கொய்யா, அல்லது அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்த எலுமிச்சை சேர்ந்தால், வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொடுக்கும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை டீயோடோ பாலோடோ விழுங்கக் கூடாது, தண்ணீர்தான். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

டீயில் சர்க்கரையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம். குளிருக்கு ஐந்து கப் குடித்தால் 50 கிராம். அதே வழிகாட்டி ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 25 கிராம். கூட இரண்டு வர்க்கி சேர்ந்தால் மைதாவும் கொழுப்பும் தனிக்கணக்கு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதைக் காலை உணவாக வைக்காதீர்கள்.

உப்பில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. மழை அடித்துக் கழுவும் மலை மண்ணில் அயோடின் குறைவு, இங்கே விளையும் காயிலும் குறைவாகவே இருக்கும். அதனால் அயோடின் சேர்த்த உப்பு மலையில் கட்டாயம். கடையில் கைக்கு வரும்போது அதில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். வாங்கி வந்த பிறகு நாம்தான் அதைத் தொலைக்கிறோம். கல்லுப்பில் அயோடின் மேலே படிந்திருப்பதுதான். அழுக்குப் போக அலசினால் அதுவும் தண்ணீரோடு போய்விடும். மூடுபனிக் காலத்தில் உப்பு நீர்விட்டு ஜாடியின் அடியில் தேங்கும், அந்த நீரை வடித்துக் கொட்டினாலும் அப்படித்தான். அடுப்புத் திண்டில் திறந்துவைக்காமல், இறுக்கமாக மூடும் பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியில், வெயிலும் அனலும் படாத இடத்தில் வையுங்கள். முடிந்தவரை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.

தைராய்டு இருப்பவர் முட்டைக்கோஸ், நூல்கோல், டர்னிப் பக்கமே போகக் கூடாது என்ற பயம் தேவையில்லாதது. பச்சையாக நிறையத் தின்றால்தான் சிக்கல். வேகவைத்த காயை அளவாகச் சாப்பிடலாம், உப்பு சரியாக இருந்தால் போதும். அவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது காலை மாத்திரையை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, பால் டீக்கோ காபிக்கோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கையோடு டீ குடித்தால் மருந்து முழுதாகச் சேராது.

கடைசியாக, உருளைக்கிழங்கு. சாக்கோடு திண்ணையில் கிடந்து வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை நிறத்தால் கெடுதல் இல்லை, ஆனால் கூடவே சோலனைன் என்ற நஞ்சு ஏறியிருக்கும் என்பதற்கு அது அடையாளம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சிறு திட்டு என்றால் ஆழமாகச் சீவி எறியுங்கள், முளைவிட்ட கண்ணையும் தோண்டி எடுங்கள். பாதிக்குமேல் பச்சையாக இருந்தாலோ, வெந்தபின் நாக்கில் கசந்தாலோ, குழந்தைகளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். வேகவைக்காத பச்சைக் கிழங்கு மிஞ்சினால் கொல்லையில் ஊன்றிவிடலாம், முளைத்துவிடும்.