நகராட்சி இணையதளத்தைப் போனுக்கு ஏற்ப மாற்றிய கதை

எங்கள் ஊர் நகராட்சி இணையதளத்தைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. வரி கட்ட வருபவர்கள் கையில் இருப்பது போன். பக்கமோ கணினித் திரைக்கென்று செய்தது. பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் குறிச்சொல்லை (viewport tag) நிரலில் சேர்த்ததும் எழுத்து படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கைபேசி எண் கேட்கும் கட்டத்தைத் தட்டினால் எண் விசைகள் வரும்படி வைத்தேன். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் அதைத் தட்டியதும் ஐபோனில் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய தலைவலி பழைய அறிவிப்புகள்தான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன். அப்படியே நம்பிவிடாதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். வரி வரியாகத் திருத்த வேண்டியிருந்தது. அப்புறம், குடிநீர் நிறுத்த அறிவிப்பை ஸ்கேன் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடச் சொன்னேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் போனே அதை வாசித்துச் சொல்லும்.